வாகன வினா–விடை: எடை குறைந்த காருக்கு எவ்வளவு பெரிய பிரேக் வேண்டும்?

கேள்வி: நானும் என் மைத்துனரும் சேர்ந்து லோட்டஸ் செவன் என்ற இலகுவான திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் வடிவத்தைப் பின்பற்றிக் கிட் கார் (பாகங்களை வாங்கி நாமே கோக்கும் கார்) ஒன்றைக் கட்டியிருக்கிறோம். ஓட்டுநரோடு சேர்த்து எடை 650 கிலோ. டர்போ எஞ்சினின் திறன் 180 குதிரைத்திறன். சிறிய ஹாட்ச்பேக் ஒன்றின் 256 மி.மீ. டிஸ்க்கையும் அதை நெரித்துப் பிடிக்கும் 54 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரையும் முன்னால் பொருத்தியுள்ளோம். பின்னால் டிரம், சக்கரங்கள் 14 அங்குலம், பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் 19 மி.மீ., பெடல் விகிதம் ஐந்துக்கு ஒன்று, காலின் விசையைப் பெருக்கும் பூஸ்டர் கிடையாது. லாரியில் ஏற்றிச் சென்று இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓட்டியபோது, சில சுற்றுகளுக்குள் பெடல் தளர்ந்து தரைவரை இறங்கிவிட்டது. வண்டி ஆறியதும் பழையபடி ஆனது. 300 மி.மீ. டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் போட்டால்தான் தீரும் என்கிறார் ஜே.சி. ரோட்டுக் கடைக்காரர். போடலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வண்டியின் பிரேக்குக்கு விசைக் குறைவு இல்லை என்பதை நீங்கள் எழுதியுள்ள அளவுகளே காட்டுகின்றன. காலால் 40 கிலோ விசை கொடுத்தால், ஐந்து மடங்கு பெடல் விகிதத்தால் அது 200 கிலோவாகி, 2.85 சதுர செ.மீ. பரப்புள்ள மாஸ்டர் சிலிண்டரில் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 70 கிலோ அழுத்தத்தை உண்டாக்கும். அந்த அழுத்தம் 54 மி.மீ. பிஸ்டன் வழியாக டிஸ்க்கை இரு புறமும் 1,600 கிலோ விசையில் நெரிக்கும். டிஸ்க்கைப் பிடிக்கும் உராய்வுத் துண்டான பேடின் உராய்வுக் கெழுவை 0.4 என்று கொண்டு, டயரின் ஆரம் டிஸ்க்கினுடையதைவிடப் பெரிது என்பதையும் கணக்கில் சேர்த்தால், முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தரையில் 930 கிலோ அளவுக்குத் தடை கொடுக்க வல்லவை. ஆனால் நல்ல சாலை டயர் தாங்கக்கூடிய முழு பிரேக்கில் உங்கள் முன்சக்கரங்களின் மேல் விழும் பாரம் 420 கிலோ சுமார்தான். டயரின் பிடிப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான்; அதற்கு மேல் கொடுத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். டயரின் பிடிப்பைப் போல இரு மடங்கு விசை ஏற்கெனவே கையிலிருக்க, அதை மூன்று மடங்காக்குவதால் வண்டி ஓரடி கூட முன்னதாக நிற்காது.

அப்படியானால் பெடல் ஏன் இறங்கியது? அது சூட்டின் வேலை. மணிக்கு 160 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு ஒரு முறை குறைக்கும்போது ஏறத்தாழ 550 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் போகிறது என்றால், தலா நான்கு கிலோ எடையுள்ள இரு டிஸ்க்குகளும் அந்த ஒரே பிரேக்கில் 100 டிகிரி அளவுக்குச் சூடேறும். எடை குறைவு என்பதால் இந்தத் தொகை குடும்பக் காரைவிடக் குறைவுதான். ஆயினும் பந்தயத் தளத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் வண்டியில், எஞ்சின் ஊட்டிய ஆற்றலில் காற்றுத் தடையும் உருளல் தடையும் தின்றது போக மீதி அனைத்தும் பிரேக்கில்தான் வந்து முடிகிறது. ஆகவே நீடித்த ஓட்டத்தில் பிரேக்கின் சூட்டைத் தீர்மானிப்பதில் எடையைவிட எஞ்சின் திறனே முந்தி நிற்கிறது. எண்பது குதிரைத்திறன் வண்டிக்கென வடிவமைத்த, உள்ளே காற்றிடைவெளி இல்லாத திடமான டிஸ்க், 180 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பின்னால் ஆறுவதற்கு நேரமே கிடைக்காமல் தவிக்கிறது. (திறந்த உடலும் வெளியே நீட்டிய சக்கரங்களும் கொண்ட இவ்வகைக் காருக்குக் காற்றுத் தடை மிக அதிகம் என்பதை எல்லோரும் குறையாகச் சொல்வார்கள், உங்கள் டிஸ்க்குகளுக்கு அது செய்யும் உதவியை யாரும் சொல்வதில்லை.)

பெடல் தரைவரை இறங்கி, ஆறியதும் திரும்பியது என்பது பிரேக் ஆயில் கொதித்து, அழுத்தினால் சுருங்கும் ஆவிக் குமிழ்கள் உண்டானதற்கான அடையாளம். பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்திருந்தால் பேடைக் குறைசொல்லியிருக்கலாம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும்; ஈரத்தை உறிஞ்சியபின் அதற்கான வரையறை 155 டிகிரி மட்டுமே. டாட் 5.1-க்கு இவை 260, 180. ஆகவே முதல் வேலையாகப் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, டாட் 5.1 அல்லது 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தய வகை ஆயிலை ஊற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி மாற்றுங்கள். பெயர் ஒத்திருக்கிறது என்று சிலிக்கான் வகையான டாட் 5-ஐ வாங்கிவிட வேண்டாம். மற்றவற்றோடு அது கலவாது. அடுத்து, முன்மூக்கிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றுக் குழாய் அமையுங்கள். பேடைத் தேர்ந்தெடுக்கும்போது, குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும் வேகச் சாலை வகையை வாங்குங்கள்; சூடேறினால் மட்டுமே பிடிக்கும் முழுப் பந்தயப் பேட், இவ்வளவு இலகுவான வண்டியின் முதல் திருப்பத்தில் ஓட்டுநரை ஏமாற்றிவிடும். இவ்வளவும் செய்த பிறகும் சூடு மிஞ்சினால், அதே விட்டத்தில் காற்றோட்ட டிஸ்க்கும், அதன் தடிமனுக்கு இடம் கொடுக்கும் காலிப்பரும் போதும்.

நான்கு பிஸ்டன் என்ற எண்ணிக்கை பலரையும் மயக்குகிறது. எதிரெதிர்ப் பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். 38 மி.மீ. பிஸ்டன்கள் நான்கு இருந்தால் கணக்கில் வரும் இரண்டின் பரப்பு 22.7 சதுர செ.மீ.; உங்கள் ஒற்றைப் பிஸ்டனின் பரப்போ 22.9. எடை குறையலாம், பெடலின் உணர்வு சீராகலாம், ஆனால் விசை அதேதான். மாறாக 41.3 மி.மீ. பிஸ்டன்களையும் 300 மி.மீ. டிஸ்க்கையும் போட்டால் முன்பிரேக் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். பின்பிரேக் இருந்தபடியே இருக்க, முன்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொள்ளும், பின்டயர்களின் பிடிப்பு வீணாகும், நிற்கும் தூரம் நீளவும் கூடும். போதாததற்கு அந்த டிஸ்க்குக்கு உங்கள் 14 அங்குலச் சக்கரத்தில் இடமே இல்லை.

உண்மையில் நீங்கள் பார்க்க வேண்டியது முன்–பின் பங்கீட்டைத்தான். முன்சக்கர இயக்க ஹாட்ச்பேக்கில் பாரம் மூக்கில் இருப்பதால் அதன் பிரேக்குகள் முன்பக்கம் மிகச் சாய்ந்தவை. எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்த உங்கள் காரில் பின்சக்கரங்களுக்கும் கணிசமான வேலை உண்டு. பின்பிரேக்கை வலுப்படுத்துவதாக இருந்தால், இரட்டை மாஸ்டர் சிலிண்டரும், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பங்கீட்டுத் தண்டும் வைத்து, முன்சக்கரம் சற்று முந்திப் பூட்டும்படி படிப்படியாக அமையுங்கள். பின்சக்கரம் முந்தினால் வண்டி சுழன்றுவிடும். இந்தச் சோதனையை மூடிய தளத்தில், வெளியே ஒருவர் நின்று சக்கரங்களைக் கவனிக்கச் செய்ய வேண்டும்; பதிவு பெறாத வண்டியை ஓசூர் சாலையில் ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கிட் காரிலும் பூஸ்டர் இல்லை, பெடல் கல்லாக இருக்கிறது. பூஸ்டர் பொருத்தலாமா?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: இடமும் எடையும் வீண். அதிகத் திறனுக்கான கேம் தண்டு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சினில் வெற்றிட அழுத்தம் போதாமல் பூஸ்டர் சரிவர உதவாமலும் போகலாம். 19 மி.மீ. மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் 17.8 மி.மீ. போட்டால் காலின் விசை ஏறத்தாழ 13 விழுக்காடு குறையும். பெடல் நகரும் தூரம் அதற்கேற்பக் கூடும். அதற்கும் முன்னதாக, ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லி, அது பொருத்தப்பட்ட தகட்டை நீங்கள் கவனியுங்கள். அது வளைந்தால், உங்கள் காலின் உழைப்பில் ஒரு பகுதி தகட்டிலேயே செலவாகிறது. முக்கோணத் தாங்கி ஒன்றை வெல்டிங் செய்தபின் சிலிண்டரைப் பற்றி யோசிக்கலாம்.