கிரீன் வேகம்: ஸ்டிம்ப்மீட்டர் கேள்வி பதில்

ஓசூர் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பல வருடங்களாகப் புல் பராமரிப்பு என் வேலை. கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. அதன் வேகத்தை அளப்பது பற்றி நம் மாவட்டத்து நண்பர்களும் தருமபுரிக்காரர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம், விளையாட்டு ஆசிரியர்: தரைக்கு எப்படி சார் வேகம் இருக்கும்?

பவுடர் போட்ட கேரம் போர்டையும் போடாததையும் நினைத்துப் பாருங்கள். ஒரே சுண்டுதான், ஆனால் ஸ்ட்ரைக்கர் போகும் தூரம் வேறு. கிரீனும் அப்படித்தான். ஒரே விசையில் விட்ட பந்து எத்தனை அடி உருள்கிறதோ, அந்த எண்தான் வேகம்.

தருமபுரி, கல்லூரி மாணவி: இதை அளக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கருக்கு. 1935இல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தார். ஜீன் சாரசென் போன்ற பெரிய ஆட்டக்காரர் மெல்லத் தட்டிய பந்தே கிரீனைத் தாண்டி வெளியே ஓடிவிட்டது. கிரீன் அளவுக்கு மீறி வேகமாக இருக்கிறது என்று ஸ்டிம்ப்சனுக்குப் பட்டது, ஆனால் நிரூபிக்க வழியில்லை. அதற்காக மரத்தில் ஒரு கருவி செய்தார், அதுதான் ஸ்டிம்ப்மீட்டர். 1976இல் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தைச் சேர்ந்த ஃபிராங்க் தாமஸ் அதை அலுமினியத்தில் மாற்றி அமைத்தார். 1978 முதல் மைதானப் பராமரிப்பாளர்களுக்குக் கிடைத்தது.

தேன்கனிக்கோட்டை: எப்படி அளக்கிறீர்கள், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் அண்ணா.

ஸ்டிம்ப்மீட்டர் 36 அங்குல நீளமுள்ள அலுமினியப் பட்டை. நடுவில் 145 டிகிரி விரிந்த பள்ளம். கீழ் நுனியிலிருந்து 30 அங்குலத்தில் பந்து உட்கார ஒரு வெட்டு.

முதலில் மட்டமான இடம் தேடுங்கள், சுமார் பத்தடிக்குப் பத்தடி. கீழ் நுனியைத் தரையில் வைத்து, வெட்டில் பந்தை உட்கார வைத்து, மறுநுனியை மெதுவாகத் தூக்குங்கள். ஏறக்குறைய 20 டிகிரி வந்ததும் பந்து தானாகவே விடுபடும். விரலால் தள்ளவே கூடாது. விடுபட்டதும் பட்டையை அசைக்காமல் பிடித்திருங்கள். மூன்று பந்து விடுங்கள். மூன்றும் 8 அங்குலத்துக்குள் நின்றால் சராசரி எடுக்கலாம், இல்லையென்றால் திரும்ப விடுங்கள். அப்புறம் நின்ற இடத்திலிருந்து எதிர்த்திசையில் மூன்று. இரண்டு சராசரிகளின் சராசரிதான் உங்கள் எண்.

காலையில் பனி ஈரம் இருந்தால் அளக்காதீர்கள். துடைத்து, புல் வெட்டி முடித்த பிறகு, தினமும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியும்.

பாலக்கோடு: எங்கும் சரிவாக இருந்தால்?

நல்ல கேள்வி, பலர் தவறுவது இங்கேதான். இறக்கத்தில் 12 அடி, ஏற்றத்தில் 6 அடி என்று வைப்போம். கூட்டி இரண்டால் வகுத்தால் 9 வரும், அது தப்பு. ஏற்றத்தில் இழப்பதைவிட இறக்கத்தில் பந்து அதிகம் சம்பாதித்துவிடுகிறது. இரண்டையும் பெருக்கி, அதை இரு மடங்காக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 12, 6 பெருக்கினால் 72, இரு மடங்கு 144, அதை 18ஆல் வகுத்தால் 8. அதுதான் உண்மைக்கு அருகில் உள்ள எண்.

ஓசூர், பட்டறைக்காரர்: எல் ஆங்கிளை வெட்டி நானே செய்துவிடலாமா?

செய்யலாம், ஆனால் அந்த எண்ணை ஸ்டிம்ப் என்று சொல்லாதீர்கள். 90 டிகிரி பள்ளத்தில் பந்து ஆழமாக உட்காரும். அதனால் சுழற்சி கூடி, முன்னோக்கிய வேகம் குறையும். உங்கள் கிரீன்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அது போதும்.

கிருஷ்ணகிரி: டிவியில் 13, 14 என்கிறார்கள். நம் ஊரில் ஏன் வராது?

வர வைக்கலாம், புல் தாங்காது. நம் பக்கத்துக் கிரீன்களில் இருப்பது பெரும்பாலும் பெர்முடா, அதாவது நம் அருகம்புல்லின் குட்டை ரகங்கள். இலையைக் குறைத்துக்கொண்டே போனால் அது உணவு தயாரிக்க எதுவும் மிஞ்சாது. ஒரு சித்திரை மாதம், போட்டி வருகிறதென்று நானே பிளேடை இறக்கினேன். மஞ்சள் விழுந்த இரண்டு கிரீனைத் தேற்ற வாரக்கணக்கில் ஆனது. இன்றும் அது மனதை உறுத்துகிறது. வேகம் வேண்டுமென்றால் ரோலர் போடுங்கள், மணலை மெல்லத் தூவுங்கள், தழைச்சத்தை அளவாகக் கொடுங்கள்.

சூளகிரி: புதிதாக இந்த வேலையில் சேர்ந்திருக்கிறேன். மேனேஜர் பத்து வேண்டும் என்கிறார், என்ன செய்ய?

தம்பி, முதலில் எல்லாக் கிரீனையும் அளந்து நோட்டில் எழுது. ஒன்று 7, இன்னொன்று 9.5 என்றிருந்தால் ஆட்டக்காரருக்குப் பெரிய தொல்லை அதுதான். எல்லாம் எட்டரையை ஒட்டி இருந்தால் அவர் கை பழகிவிடும். அரை அடி வித்தியாசம் பெரும்பாலோருக்குத் தெரியக்கூடத் தெரியாது. மெதுவான கிரீனில் ஏன் மெதுவு என்று பார்: நிழலா, நீர் தேங்குகிறதா, பழைய தண்டும் வேரும் மெத்தைபோல் சேர்ந்திருக்கிறதா? ஒரு மாதத்து நோட்டை மேனேஜரிடம் காட்டிவிட்டு, பத்தைப் பற்றி அப்புறம் பேசு.