நாடாவுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

சேலம் மாவட்டப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை வாசகர்களுக்குப் பதில் அளிக்கிறார். இந்த இதழில், பள்ளிப் பிள்ளைகளும் புதிய ஆங்கிலச் சொற்களும்.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் பத்து ஆங்கிலச் சொற்கள் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுதுகிறாள், இரவில் ஒப்பிக்கிறாள், அடுத்த வாரம் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். நானும் அவள் அப்பாவும் தறி நெய்கிறவர்கள், ஆங்கிலம் தெரியாது. எப்படி உதவுவது?
- வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: உங்கள் தறியில் ஓடுகிற நாடாவிலிருந்தே தொடங்கலாம் அம்மா. ஆங்கிலத்தில் அதற்கு ஷட்டில் என்று பெயர். மகளைத் தறிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, நாடா பாவு என்ற நெடுக்கு இழைகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய், ஊடை என்ற குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு திரும்பி வருவதைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: இறகுப்பந்துக்கு ஏன் ஷட்டில்காக் என்று பெயர்? இரண்டே இடங்களுக்கு நடுவில் போவதும் வருவதுமாக இருக்கும் பஸ்ஸை ஏன் ஷட்டில் என்கிறார்கள்? 1981 முதல் 2011 வரை விண்வெளிக்குப் போய்த் திரும்பிவந்த அமெரிக்க ஓடங்களுக்கு ஏன் ஸ்பேஸ் ஷட்டில் என்று பெயர் வைத்தார்கள்? நாடாவைப் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. அவளே சொல்லிவிடுவாள்.

அடுத்து தறி. அது லூம். இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. ஏர்லூம் என்று ஒரு சொல் பாடத்தில் வரும். 'பரம்பரைப் பொருள், பாட்டியின் நகை போல' என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். ஒலிக்கக் கூடாத 'எச்' எழுத்தை ஒலித்து 'ஹேர்லூம்' என்று வேறு படித்தேன். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், லூம் என்றால் தறிதானே? நகைக்கு எதற்குத் தறி?" எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து தடித்த அகராதியை எடுத்தேன். பழைய ஆங்கிலத்தில் லூம் என்பது கருவி எதற்கும் பொதுப்பெயராக இருந்திருக்கிறது. தறி என்று அது சுருங்கியது பின்னால்தான். ஏர் என்றால் வாரிசு, நம் கலப்பையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வாரிசுக்குப் போய்ச் சேரும் கருவிதான் ஏர்லூம். மறுநாள் இதைச் சொன்னதும் அந்தப் பையன், "அப்படியானால் எங்கள் தாத்தாவின் குழித்தறி..." என்று தொடங்கி, முடிக்காமலே சிரித்தான். அவன் அந்தச் சொல்லை மறந்திருக்க மாட்டான். நானும் மறக்கவில்லை.

இன்னும் ஒன்று. துணிக்கு டெக்ஸ்டைல், பாடநூலுக்கு டெக்ஸ்ட்புக். இரண்டிலும் முன்னால் நிற்பது 'நெய்தல்' என்ற லத்தீன் வேர். தமிழிலும் இழைக்கும் நூல், ஏட்டுக்கும் நூல். பஞ்சைச் சொல்லாகவும் நூற்பவளைப் புலவனாகவும் வைத்து நன்னூல் ஒரு செய்யுளே பாடியிருக்கிறது. மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

பள்ளியில் கொடுக்கும் பத்தை நாம் நிறுத்த முடியாது. ஆனால் அந்தப் பத்தில் வீட்டுக்குள் காட்டக்கூடிய மூன்றை அவளே பொறுக்கட்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெற்றுப் பக்கத்தில் தமிழ்ப் பொருளை எழுதி, மறுபக்கத்தில் ஒரு தாள் ஒட்டி ஆங்கிலச் சொல்லை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே தமிழைப் படித்துக் கேளுங்கள். அவள் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பித் தானே சரிபார்க்கட்டும். அன்றிரவு ஒரு முறை, மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டுக் கேட்க வேண்டும். ஐந்து முறை எழுதுவதெல்லாம் கைக்கு வேலை.

எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று தன்னையே சோதித்து 1885இல் எழுதினார். பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது. உங்கள் மகளும் இப்போது பொருளில்லாத அசைகளைத்தான் ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

கேள்வி: கட்டுரையில் 'பவர்ஃபுல் காபி' என்று எழுதினேன். தவறு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். பவர்ஃபுல் என்றாலும் ஸ்ட்ராங் என்றாலும் வலிமைதானே?
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஏற்காடு

பதில்: காபித் தோட்டத்து ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான் தம்பி. ஸ்ட்ராங் காபி என்பதுதான் வழக்கு. உன் ஊர்ப் பனியைக் கடுங்குளிர் என்கிறாய், கனத்த குளிர் என்பாயா? கொளுத்தும் வெயில் உண்டு, கொளுத்தும் மழை உண்டா? எந்தச் சொல் எதோடு சேரும் என்பது காதுக்குத் தெரியும், இலக்கணத்துக்குத் தெரியாது. ஆகவே, புதிய சொல்லை நோட்டில் தனியாக எழுதாதே. ஸ்ட்ராங் என்று எழுதும்போதே காபி, விண்ட், ஒப்பீனியன் என்று அதன் கூட்டாளிகளையும் சேர்த்து எழுது.

அடுத்த முறை பஸ்ஸில் சேலம் இறங்கும்போது இன்னொன்றும் செய்து பார். 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஹேர்பின் பெண்ட். இரண்டு மொழியிலும் பெண்களின் கொண்டையிலிருந்து எடுத்த பெயர்தான். வளைவுக்கு ஒரு சொல்லாக, கூட்டாளியோடு நினைவுக்குக் கொண்டுவா. நோட்டைத் திறக்காதே. மூன்றாவது வளைவிலேயே குமட்டும், பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திட்டுவார்.

கேள்வி: நல்ல ஆங்கிலம் பேச எத்தனை சொற்கள் தெரிய வேண்டும்?
- வாசகர், ஆத்தூர்

பதில்: ஆங்கிலம் கற்பவர்களுக்காக மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953இல் தொகுத்த பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள் இருந்தன. அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். விளம்பரத்தில் வரும் 'மூன்று மாதத்தில் பத்தாயிரம்' வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் நிறையத் தமிழ்ச் சொற்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பேரனுக்குச் சொல்ல நாலு சொல்லுங்கள். 'கேஷ்' நம் காசுதானே?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: சுருட்டு அங்கே செரூட் ஆயிற்று. வெட்டிவேர் வெட்டிவராகவும், மிளகுத்தண்ணீர் மல்லிகடானி என்ற சூப்பாகவும் போனது. கட்டுமரம் கேட்டமரான் ஆனபோது ஆளே மாறிவிட்டது. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது, இன்று அவர்கள் அப்படிச் சொல்வது இரட்டை உடல் கொண்ட படகை.

கேஷ் விஷயத்தில் பாதிதான் உங்கள் பக்கம். முன்பு இங்கே புழங்கிய சிறு நாணயத்துக்கு ஆங்கிலேயர் சொன்ன கேஷ், போர்த்துக்கீசியர் வாய்வழி போன நம் காசு. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ் வேறு, அது பெட்டி என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. அதாவது, கடையின் கல்லாப்பெட்டி.