மர அரசரின் குடும்பம் உடையாதது ஏன்?

கேள்வி: அமெரிக்க மர, காகிதத் தொழிலதிபர் ஃப்ரெடரிக் வேர்ஹவுசர், ரயில்வே கம்பெனியிடம் ஏக்கர் 6 டாலருக்குக் காடு வாங்கிய அதிர்ஷ்டத்தில்தான் கோடீஸ்வரர் ஆனாராமே? அப்பா சேர்த்ததைப் பிள்ளைகள் கரைப்பதுதான் வழக்கம். இவர்கள் மட்டும் எப்படித் தப்பினார்கள்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அந்த 6 டாலர் பேரம் முடிந்தது 1900 ஜனவரியில். அப்போது அவருக்கு வயது 65. அதற்குள் 40 வருடம் மர வியாபாரம் பார்த்துப் பெரும் பணக்காரராகிவிட்டார். அதிர்ஷ்டத்தை விட்டுவிடுங்கள்.

1852இல், 17 வயதில், ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்தவர் அவர். இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்டில் அவர் வேலை பார்த்த மர அறுவை மில் நொடித்துப்போனது. 1860இல் சகலை டெங்க்மனோடு சேர்ந்து அங்கே சொந்தமாக ஒரு மில் வாங்கினார். டெங்க்மன் மில்லைக் கவனித்தார். இவர் வடக்கே விஸ்கான்சின் காடுகளுக்குப் போய் மரம் பிடித்தார். அவருடைய முழுத் திறமையும் வெளிப்பட்டது அங்கேதான்.

அக்காலத்தில் பைன் மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டி, பனியில் சறுக்குவண்டி வைத்து ஆற்றங்கரைக்கு இழுத்து அடுக்குவார்கள். வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வந்ததும் தள்ளிவிடுவார்கள். பல முதலாளிகளின் கட்டைகள் ஒரே ஆற்றில் கலந்து வரும். அடையாளத்துக்கு ஒவ்வொரு கட்டையின் முனையிலும் சுத்தியலால் முத்திரை அடித்திருக்கும். சிப்பேவா ஆறு மிஸிஸிப்பியில் சேரும் இடத்துக்கருகே, பீஃப் ஸ்லூ என்ற கிளைநீரில் அவற்றைத் தடுத்து, பிரித்து, தெப்பமாகக் கட்டிக் கீழே அனுப்ப வேண்டும். ஒவ்வொருவரும் தன் கட்டை வரட்டும் என்று காத்திருந்தால் மில் சும்மா கிடக்கும். வேர்ஹவுசர் 1870 வாக்கில் கீழ்ப்பகுதி மில்காரர்களைக் கூட்டி ஒரே கம்பெனியாக்கினார். யார் முத்திரை என்று பார்க்காமல், வந்த மரத்தைப் பலகை அடிக் கணக்கில் பங்கு பிரிப்பது என்று ஏற்பாடு. ஒரு பலகை அடி என்றால் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலம் கனம்.

1880 ஜூனில் பெருவெள்ளம் வந்து, மேல்பகுதி மில்களுக்குச் சொந்தமான கட்டைகளை அடித்துக்கொண்டு பீஃப் ஸ்லூவில் சேர்த்தது. ஆற்றுக்கு எதிராகக் கட்டையை இழுத்துப் போக முடியாது. அவர்கள் இவருக்குத் தொழில் எதிரிகள். கழுத்தைப் பிடித்து விலையை அடித்திருக்கலாம். அவர் செய்தது, கீழே வந்துவிட்ட மரத்துக்கு ஈடாக, மேலே தங்கியிருந்த தன் கூட்டத்தாரின் மரத்தைக் கொடுத்தது. அடுத்த வருடமே எதிரிகளும் கூட்டில் சேர்ந்தார்கள். என் பார்வையில், 1900 பேரத்தைவிடப் பெரிய முடிவு இதுதான்.

அந்தப் பேரத்திலும் அவர் தனியாள் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 9 லட்சம் ஏக்கர், மொத்தம் 54 லட்சம் டாலர். 30 லட்சம் முன்பணம். மீதி, அரையாண்டுக்கு 3 லட்சமாக 8 தவணை. பழைய ஆற்றுக் கூட்டாளிகள் பலர் பணம் போட்டார்கள். அந்த மாநிலத்து டகோமா நகரில் வேர்ஹவுசர் கம்பெனியை நடத்த அமர்த்திய ஜார்ஜ் லாங், குடும்பத்தைச் சேர்ந்தவரே அல்ல.

பிள்ளைகள் விஷயமும் இப்படித்தான். நான்கு மகன்களையும் ஒரே கல்லாவில் உட்காரவைக்கவில்லை. மினசோட்டா மாநிலத்தில் சார்லஸ் லிட்டில் ஃபால்ஸில், ருடால்ஃப் க்ளோக்கேயில் என்று ஆளுக்கொரு ஊர், தனித்தனிக் கம்பெனி; ஒவ்வொன்றிலும் வெளிப் பங்குதாரர்கள் கணக்குக் கேட்பார்கள். ஒரு ஊரில் இழப்பு வந்தால் மற்றவை தாங்கும். 1918 அக்டோபரில் காட்டுத்தீ க்ளோக்கே நகரையே எரித்தபோது ருடால்ஃபால் அங்கேயே தொழிலை மீண்டும் எழுப்ப முடிந்தது.

காகிதத் தொழிலதிபர் என்கிறீர்கள். 1914இல் இறந்த ஃப்ரெடரிக் அடிப்படையில் மரக்காரர். வேர்ஹவுசர் கம்பெனி வாஷிங்டன் மாநிலத்து லாங்வியூவில், காகிதத்துக்கான மரக்கூழ் ஆலை வைத்தது 1931இல். பலகைக்கு மட்டம் என்று ஒதுக்கிய ஹெம்லாக் மரம், பிசின் குறைவென்பதால், சல்ஃபைட் என்ற ரசாயன முறையில் கூழாக்கத் தோதாக அமைந்தது.

பணம் ஆபத்தையும் கொண்டுவந்தது. 1935 மே மாதம் மூத்த மகன் ஜான் இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்த ஒரு கும்பல், அவருடைய எட்டு வயதுப் பேரன் ஜார்ஜை டகோமாவில் கடத்தி 2 லட்சம் டாலர் கேட்டது. பணம் கைமாறிய பிறகு, ஜூன் 1 அன்று பையனை விட்டார்கள். நோட்டு எண்களைக் குறித்துவைத்திருந்ததால் கும்பல் பிடிபட்டது. அந்த ஜார்ஜ்தான் 1966இல் கம்பெனியின் தலைவரானார்.

இவ்வளவும் சொன்னதால் அவர்களுக்கு நற்சான்று தருகிறேன் என்று எண்ணாதீர்கள். அந்த 9 லட்சம் ஏக்கர், ரயில்பாதை போட அமெரிக்க அரசு தானமாகக் கொடுத்த நிலம். அதற்கும் முன்னால் பூர்வகுடிகளின் நிலம். விஸ்கான்சின், மினசோட்டா வெள்ளைப் பைன் காடுகளில் இவர்களும் மற்றவர்களும் வெட்டிய பின் மிஞ்சியது அடிக்கட்டைகளும் தீக்கு இரையாகும் கழிவும்தான். நின்ற மரத்துக்கும் வருடாவருடம் வரி கட்டவேண்டியிருந்ததால், வெட்டிவிட்டு நிலத்தைக் கைவிடுவதே அன்று லாபம். வெட்டிய நிலத்தில் மறுபடி மரம் வளர்க்க மான்டசானோ அருகே கம்பெனி முதல் மரப் பண்ணையை அறிவித்தது 1941இல். ஃப்ரெடரிக் இறந்து 27 வருடம் கழித்து.