முதல் குழந்தைக்கு தலசீமியா: அடுத்தது தப்பிவிடுமா?

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் இருக்கிறோம். அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். மூன்று வயது மகனுக்கு தலசீமியா மேஜர், ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய். மாதா மாதம் புதுச்சேரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறோம். இப்போது மறுபடியும் 7 வாரக் கர்ப்பம். “நாலில் ஒன்றுக்குத்தான் வரும்னு டாக்டரே சொன்னார், அந்த ஒண்ணு வந்தாச்சு, இனி மூணும் நல்லாப் பிறக்கும்” என்கிறார் அத்தை. எங்கள் இருவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு, அதனால் வந்ததா? தெரியாமல் பப்பாளி வேறு சாப்பிட்டுவிட்டேன். மகன் வெளுத்துப் போனால் மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் கொடுக்கிறோம். அடுத்த குழந்தையின் மஜ்ஜையை வைத்து மூத்தவனைக் குணப்படுத்தலாம் என்று யூடியூபில் பார்த்தேன். என் தங்கையைக் கொழுந்தனாருக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் பயமாக இருக்கிறது.

பதில்: அத்தை சொல்வது தவறு. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அதே நாலில் ஒரு வாய்ப்பு, 25 சதவீதம், குறையாமல் இருக்கிறது. அடுத்து எத்தனை பிறந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அதேதான்.

ஒரு பையில் நான்கு சீட்டு, அதில் ஒன்று சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த சிவப்புச் சீட்டை வெளியே வைத்துவிட்டால் மிச்சம் மூன்றும் வெள்ளை. அத்தையின் கணக்கு இதுதான். ஆனால் கருவில், எடுத்த சீட்டு ஒவ்வொரு முறையும் பைக்குள்ளேயே திரும்பிப் போகிறது. நீங்களும் உங்கள் கணவரும் கேரியர், அதாவது நோய் இல்லாமல் பழுதான மரபணுவைச் சுமப்பவர்கள். இருவரிடமும் ஒரு நல்ல மரபணு, ஒரு பழுதான மரபணு. இரண்டு பக்கமிருந்தும் பழுதானது வந்தால்தான் குழந்தைக்கு நோய். கருமுட்டையில் பழுதானது வர 1/2, விந்தணுவில் வர 1/2. ஒன்று மற்றதைப் பாதிக்காது என்பதால் பெருக்குகிறோம்: 1/4. மூத்தவனுக்கு என்ன போனது என்பது இந்தக் கருமுட்டைக்குத் தெரியாது. இன்னும் இரண்டு குழந்தை பெற்றால் இரண்டும் தப்பிக்க 3/4 × 3/4, அதாவது 9/16. இரண்டில் ஒன்றுக்காவது நோய் வர 7/16. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியது பப்பாளியைப் பற்றி அல்ல, நாள்காட்டியைப் பற்றி. நச்சுக்கொடியில் துளி திசு எடுத்துப் பார்க்கும் சி.வி.எஸ். பரிசோதனையை 11 முதல் 13 வாரத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன்பே உங்கள் இருவரின் மரபணுவில் பழுது எந்த இடத்தில் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட் இல்லாமல் கருவில் எதைத் தேடுவது? அது வர வாரக்கணக்கில் ஆகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 14 வாரத்தில் வந்து நின்றால் 16 வாரத்தில் பனிக்குட நீர் எடுக்கலாம், ஆனால் முடிவு கைக்கு வரும்போது 18, 19 வாரம் ஆகிவிடும். 2021 சட்டத் திருத்தத்தின்படி கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருவுக்குக் கடுமையான பாதிப்பு வரும் என்ற நிலையில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள். என்ன செய்வது என்பது உங்கள் இருவரின் முடிவு. அதை நிதானமாக எடுக்க நேரம் வேண்டும் என்றால், இந்த வாரமே கிளம்புங்கள்.

மகனுக்கு ரத்தம் ஏற்றும் இடத்திலேயே மரபணு ரிப்போர்ட் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் இருவரும் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். மகனுக்கு இப்போது எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பயனில்லை, அது ரத்தம் கொடுத்தவரின் ஹீமோகுளோபினையும் சேர்த்தே காட்டும். சி.வி.எஸ். செய்வதால் கரு கலையும் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பதிவு பெற்ற மையத்தில்தான் செய்வார்கள்; ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், கேட்காதீர்கள்.

டானிக்கை இன்றே நிறுத்துங்கள். அதில் இரும்புச்சத்து இருந்தால் அது அவனுக்கு விஷம் மாதிரி. அவன் வெளுத்துப் போவது இரும்பு இல்லாமல் அல்ல. ஏற்றும் ஒவ்வொரு மில்லி சிவப்பணுவோடும் சுமார் ஒரு மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்பில் வழியில்லை. இதயத்திலும் கல்லீரலிலும் படிகிறது. அதை எடுக்கத்தான் மருந்து கொடுக்கிறோம், நீங்கள் இன்னொரு பக்கம் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்த அளவு) எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வையுங்கள். 1000-ஐத் தாண்டியிருந்தால் இரும்பு இறக்கும் மருந்து பற்றிப் பேசாமல் வீடு திரும்பாதீர்கள்.

ஒரே ரத்தப் பிரிவுக்கும் தலசீமியாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பப்பாளியால் மரபணு மாறாது. விடுங்கள்.

யூடியூபில் சொன்னது பாதி உண்மை. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த வாய்ப்பு 1/4. மஜ்ஜைப் பொருத்தத்துக்கான மரபணு 6-வது குரோமோசோமில், தலசீமியா மரபணு 11-வதில்; தனித்தனியாகப் பிரிந்து போவதால் இங்கேயும் பெருக்கலாம். நோயும் இல்லாமல் மஜ்ஜையும் பொருந்த 3/4 × 1/4, அதாவது 3/16. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அதை நம்பிக் கர்ப்பத்தை முடிவு செய்யாதீர்கள்.

இனி கல்யாணப் பேச்சு. இங்கே நிகழ்ச்சிகள் தனித்தனி அல்ல, ஒன்றைப் பிடித்து இன்னொன்று நிற்கிறது. உங்கள் அப்பாவும் அத்தையும் உடன்பிறந்தவர்கள். பழுதான மரபணு அந்தப் பக்கத்திலிருந்தே இரண்டு வீட்டுக்கும் வந்திருக்கலாம். ஒருவர் கேரியர் என்றால் அவருடைய அத்தை பிள்ளையோ மாமன் பிள்ளையோ அதே மரபணுவைச் சுமக்க எட்டில் ஒரு வாய்ப்பு. வெளியிலிருந்து வரும் வரனுக்கு இது பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். சொந்தத்தில் கட்டுவதால் கூடுவது இந்த எண்தான். இருவரும் கேரியர் என்று ஆனபின் சொந்தமோ அசலோ, குழந்தைக்கு அதே 1/4.

அக்கா நீங்கள் கேரியர் என்பதால் தங்கைக்கு 1/2. அண்ணன் கேரியர் என்பதால் கொழுந்தனாருக்கு 1/2. இருவருமே கேரியராக 1/4, அவர்கள் முதல் குழந்தைக்கு நோய் வர 1/16. அந்த முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் இரண்டாவதுக்கும் 1/16 என்று எண்ணிவிடாதீர்கள். பெற்றோர் இருவரும் கேரியர் என்பது அப்போது உறுதியாகிவிடுவதால் அது 1/4 ஆகிவிடும்.

இந்தப் பின்னங்களையெல்லாம் ஒரே ரத்தப் பரிசோதனை துடைத்துவிடும். தாம்பூலம் மாற்றும் முன் இருவருக்கும் ரத்த அணு எண்ணிக்கையும் எச்.பி.எல்.சி.யும் எடுங்கள். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80-க்குக் கீழே, எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் சராசரியாக உள்ள ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழே, ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்துக்கு மேலே என்றால் கேரியர். தங்கைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ2 போலியாகக் குறைந்து தெரியும். அதைச் சரிசெய்து மறுபடி பாருங்கள், அல்லது உங்களுக்குக் கண்ட அதே மரபணுப் பழுது அவளுக்கு இருக்கிறதா என்று நேராகவே பார்த்துவிடுங்கள். இருவரில் ஒருவருக்கு இல்லை என்று உறுதியானாலே போதும், தாராளமாக நாள் குறிக்கலாம்.