பட்டியலில் இல்லாத சிவப்புப் பாசி: புதிய இனமா?

கேள்வி: முதுகலை தாவரவியல் படிக்கிறேன். மண்டபம் கரையில் ஒதுங்கிக் கிடந்த சிவப்புப் பாசி ஒன்றை எடுத்தேன். பார்க்கக் கஞ்சிப்பாசி மாதிரிதான், ஆனால் கிளைகள் தட்டை. மரபணு வரிசையை ஜீன்பேங்க் என்ற மரபணுத் தரவுத்தளத்தில் தேடியதில் எதோடும் நெருங்கவில்லை. புதிய இனம் என்று எழுதலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஜீன்பேங்கில் இல்லை என்றால், அந்தப் பாசியை யாரும் இன்னும் வரிசைப்படுத்தவில்லை என்று மட்டும்தான் பொருள். நூறு வருடம் முன்பே பெயர் வாங்கி, ஏதோ ஒரு ஹெர்பேரியத்தில் (உலர் தாவர மாதிரிகள் வைக்கும் இடம்) உலர்ந்த தாளாகக் கிடக்கலாம். 1930களில் டென்மார்க்கின் பாசி ஆய்வாளர் பெர்கெசன் தென்னிந்தியப் பாசிகளை விவரித்து எழுதியிருக்கிறார். பாசிப் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கும் அல்கேபேஸ் தளத்தில், கஞ்சிப்பாசி சேர்ந்த கிராசிலேரியா பேரினத்தின் பெயர்களை எடுத்து, தட்டைக் கிளை உள்ளவற்றின் மூல விவரிப்பை ஒவ்வொன்றாகப் படித்துக் கழியுங்கள். அலுப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது. எந்த மரபணுவைப் பார்த்தீர்கள் என்றும் சொல்லவில்லை; பாசி இனங்களைப் பிரித்தறிய உதவும் ஆர்.பி.சி.எல்., காக்ஸ்-1 என்ற இரண்டு மரபணுக்களும் வேண்டும்.

நிறத்தையும் கிளை வடிவத்தையும் நம்பி இறங்காதீர்கள். வெயில் அதிகம் படும் இடத்தில் இதே பாசி மஞ்சளாகவோ பச்சையாகவோ வெளுத்துவிடும். உங்களுக்குத் தேவை பெண் செடி. கிளைமேல் சின்னக் கொப்புளம்போல் புடைத்திருக்கும் வித்துப்பையான சிஸ்டோகார்ப்பை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பாருங்கள். உள்ளிருக்கும் வித்துத் திசுவிலிருந்து வெளிச்சுவர் வரை குழாய் போன்ற செல்கள் ஓடினால் கிராசிலேரியா. இல்லையென்றால் பெரும்பாலும் அதன் நெருங்கிய பேரினமான கிராசிலேரியாப்சிஸ். இதைப் பார்க்காமல் பெயர் வைத்ததால்தான், உலகெங்கும் 'வெருகோசா' என்ற இனப்பெயரில் பழைய பட்டியல்களில் ஏறிய பல பாசிகள் பின்னால் வேறு இனங்களாக மாறின. ஆண் செடியும், நான்கு நான்காக வித்து உண்டாக்கும் டெட்ராஸ்போர் செடியும் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒதுங்கிய பாசி எங்கே வளர்ந்தது என்று தெரியாது, மூல மாதிரியாக (புதிய பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மாதிரி) வைக்க அது தோதில்லை. இடத்தில் பற்றி வளரும் செடிகளாகத் தேடி எடுங்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் போவதென்றால் வனத்துறை அனுமதி அவசியம். எடுத்ததும் ஒரு துண்டை மரபணு வேலைக்காக, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லில் போடுங்கள், ஒன்றைக் கடல்நீரில் கலந்த 4 சதவீத ஃபார்மலினில், மீதியைத் தாளில் அழுத்துங்கள். ஃபார்மலினில் போட்டதை மரபணு வேலைக்கு நம்ப முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு புதிதாகவே நின்றால் எழுதுங்கள். 2012 முதல் லத்தீன் விவரிப்பு கட்டாயமில்லை, ஆங்கிலம் போதும். படமும், மூல மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் இல்லாவிட்டால் பெயர் செல்லாது. அதற்குமுன், மண்டபத்திலேயே மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள்.