தப்பு மேளத்தின் அதிர்வு ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கும்போது தோலில் கை வைத்தால் நடுக்கம் தெரிகிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அந்தச் சத்தம் பனிமூட்டத்துக்குள்ளால் எதிர்மலை லயத்து வீடுகள் வரைக்கும் போகிறது, மூட்டமும் அசைவதில்லை. அதிர்வுதான் சத்தம் என்றால் அது ஏன் கண்ணில் படுவதில்லை?
– மாணவி, ஹட்டன்

பதில்: அருமையான கேள்வி தங்கச்சி. இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. தோல் அசைவதைப் பிடிக்க நம் கண்ணுக்கு வேகம் போதாது. காற்றில் அசைவே மிகச் சிறியது.

முதலில் தோல். கண்ணில் விழுந்த காட்சி உடனே அழியாமல் கொஞ்ச நேரம் தங்குவதால், செக்கனுக்கு 50, 60 தடவைக்கு மேல் ஒன்று ஆடினால் அந்த ஆட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், தனித்தனியாகத் தெரியாது. காதோ 20 தடவையில் தொடங்கி, இளவயதில் ஏறக்குறைய 20,000 வரைக்கும் கேட்கும். கிற்றாரின் ஆகத் தடித்த கம்பி செக்கனுக்கு 82 தடவை ஆடுகிறது. அதைச் சுண்டிவிட்டு நடுப்பகுதியை உற்றுப் பாருங்கள், கம்பிக்குப் பதிலாக ஒரு மங்கலான பட்டை தெரியும், அதன் இரண்டு ஓரமும் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், ஏனென்றால் கம்பி அங்கேதான் வேகம் குறைந்து நின்று திரும்புகிறது. தப்பில் இந்தப் பட்டையும் கிடைக்காது. தோல் அவ்வளவு தூரம் அசைவதில்லை, அதோடு எதிரே நிற்கிற உங்களுக்கு அது முன்னும் பின்னும் போய் வருவதால் கண் பிடித்துக்கொள்ள ஓர் ஓரமும் இல்லை. நெருப்பில் காய்ச்சினால் தோல் இறுகி இன்னும் வேகமாக அதிரும். சத்தம் கணீரென்று ஏறுவது அதனால்தான்.

அடுத்தது காற்று. தப்புக்குப் பக்கத்தில் இருந்த காற்று எதிர்மலைக்குப் போவதே இல்லை. ஒவ்வொரு துணுக்கும் இருந்த இடத்திலேயே இம்மியளவு ஆடி அடுத்ததைத் தள்ள, அந்தத் தள்ளல்தான் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் வேகத்தில் பள்ளத்தைத் தாண்டுகிறது. நாம் சாதாரணமாகப் பேசும்போது காற்று அசைவது ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. மூட்டத்தின் நீர்த்துளி அதோடு சேர்ந்து ஆடினாலும் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ஆக மெல்லிய சத்தத்தில் காற்று அசைவது ஓர் அணுவின் அகலம்கூட இல்லை, அதையும் காது பிடித்துவிடுகிறது! எனக்கு இன்றைக்கும் பெரிய அதிசயம் இதுதான்.

அதிர்வைக் கண்ணால் பார்க்க வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் கிளாட்னி என்பவர் உலோகத் தகட்டில் மணல் தூவி, அதன் ஓரத்தில் வயலின் வில்லால் இழுத்து, மணல் கோலம் கோலமாக ஒதுங்குவதை 1787இல் எழுதி வெளியிட்டார். உங்களுக்குத் தகடும் வேண்டாம், வில்லும் வேண்டாம். ஒரு கோப்பையின் வாயில் மெல்லிய பொலித்தீனை இழுத்துக் கட்டி, நன்றாகக் காய்ந்த உப்பைக் கொஞ்சம் தூவி, வாயைக் கிட்டக் கொண்டுபோய் 'ம்ம்' என்று பலமாக முனகுங்கள். மூச்சு படக்கூடாது, பட்டால் ஊதியதால் பறந்ததா சத்தத்தால் துள்ளியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குரலை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஏதோ ஒரு சுருதியில் உப்பு திடீரென்று கூடுதலாகத் துள்ளும். பொலித்தீனை இன்னும் இறுக்கிக் கட்டினால் அந்தச் சுருதி மேலே போகும், காய்ச்சிய தப்பைப் போலவே.