தண்டல் அட்டை

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூவில் வணிகவியல் குரூப் முடித்திருக்கிறேன். பி.ஏ. பொருளாதாரம் சேர ஆசை. எனக்குக் கணக்கு வராது, அதனாலும்தான். வீட்டில் பி.காம். போ என்கிறார்கள். என்ன தகுதி வேண்டும், வேலை கிடைக்குமா?

மு.

அன்புள்ள மு.,

தகுதிக்குக் கவலை வேண்டாம். நம் அரசுக் கலைக் கல்லூரிகளில் சேர உங்கள் குரூப்பும் மதிப்பெண்ணும் போதும். டிஎன்பிஎஸ்சி குரூப் 1, வங்கித் தேர்வு எல்லாம் எந்தப் பட்டதாரியும் எழுதலாம். இந்தியப் பொருளாதாரப் பணிக்கு மட்டும் முதுகலை வேண்டும். பி.காம். பஞ்சாயத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த 'அதனாலும்தான்' இருக்கிறதே, அதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. மழைக்குப் பயந்து குளத்தில் குதிப்பார்களா? டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் கேட்டால், பிளஸ் டூவில் கணக்கு படித்தாயா என்றுதான் முதலில் கேட்பார்கள். எம்.ஏ. போனால் நுண்கணிதம் வந்து வாசலில் நிற்கும்.

திட்டுகிறேனே தவிர, நானும் கணக்குக்குப் பயந்து சேர்ந்தவன்தான். அம்மா இட்லிக் கடை வைத்திருந்தாள். கடன் கொடுத்துவிட்டுத் தினம் தினம் வசூலிக்கும் தண்டல்காரர் சாயங்காலம் டிவிஎஸ் ஃபிப்டியில் வருவார். 1,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் 900 கிடைக்கும். தினம் 10 ரூபாய், 100 நாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அட்டையில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கிறுக்கல். "பத்து வட்டிதானே" என்பாள் அம்மா. இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒருநாள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து வட்டி வருடத்துக்கு அல்ல, 100 நாளுக்கு. அதிலும் பாதி நாளில் பாதிக் கடன் அடைந்துவிடுகிறது. வட்டியோ முதல் நாளே முழுசாகப் பிடித்தாகிவிட்டது. போட்டுப் பார்த்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடினேன். "இருக்கட்டும்டா. பேங்க்காரன் எனக்குத் தருவானா? இவன் வாசலுக்கு வர்றான்" என்று சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எந்த வகுப்பிலும் அதைக் கேட்டதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பினார். நிலம் யாருடையது, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதி வந்தார்கள். 1918-ல் அது புத்தகமானது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டும் அதில் உண்டு.

நீங்களும் உங்கள் தெருவில் தண்டல் என்ன கணக்கில் ஓடுகிறது என்று விசாரித்து, வட்டியைப் போட்டு எழுதுங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை. வேலையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.